பெங் மேலியாவும் பழைய கெமர் பெருவழியும்: இடிந்து கிடக்கும் கோவிலை எப்படிப் பார்ப்பது?

கானாடுகாத்தான் வாசி கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். வரும் தை மாதத்தில் நானும் எங்கள் அப்பச்சியும் ஆத்தாவும் கம்போடியா செல்ல இருக்கிறோம். அங்கோர் வாட், பேயோன், தா புரோம் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருப்பதால் அவற்றைப் பற்றி இங்கே கேட்கப்போவதில்லை. கம்போடியாவை ஆண்ட கெமர் அரசர்களின் தலைநகராக இருந்த அங்கோரிலிருந்து கிழக்கே சென்ற பழைய அரச வழியில், புனோம் குலேன் மலையடிவாரத்துக்கு அருகே காடு மூடிக் கிடக்கும் பெங் மேலியா கோவிலுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கலாமா என்பதே என் கேள்வி.

அப்பச்சிக்கு எழுபது வயது கடந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோவில் திருப்பணிக் குழுவில் பல காலம் இருந்தவர் ஆகையால், கோவில் என்றால் விளக்கெரிய வேண்டும், இடிந்திருந்தால் எடுத்துக் கட்ட வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். நான் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, "கல் சரிந்து கிடப்பதைக் காசு கொடுத்துப் போய் வேடிக்கை பார்க்க வேண்டுமா?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. சரிந்து கிடக்கும் கோவிலில் எதைப் பார்க்க வேண்டும், அந்தப் பழைய வழியில் வேறு என்ன எஞ்சியிருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கே நடக்க முடியுமா என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குன்றக்குடிக் கல்வேலை எழுதுகிறார்:

உங்கள் அப்பச்சி திருப்பணி பார்த்தவர் என்பதால், மற்ற எவரையும்விட அவருக்குத்தான் பெங் மேலியா அதிகம் பேசும் என்பது என் எண்ணம். முழுதாக நிற்கும் கோவிலில் கட்டுமானம் சிற்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சரிந்த கோவிலில்தான் கல்லின் முதுகும் மூட்டின் உள்முகமும் அடித்தளத்தின் நிரப்பும் கண்ணுக்குக் கிடைக்கும்.

முதலில் அமைப்பைச் சொல்கிறேன். பெங் மேலியாவில் கட்டிய ஆண்டைக் கூறும் கல்வெட்டு எதுவும் இல்லை. கட்டட அமைதியை வைத்தே 12ஆம் நூற்றாண்டு என்றும், அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் காலத்தை ஒட்டியது என்றும் கணிக்கிறார்கள். அங்கோர் வாட்டின் தளவரைபடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இங்கே வழி தவறாது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று திருச்சுற்று மாளிகைகள், அவற்றை இணைக்கும் சிலுவை வடிவ நடைகள், நடுவில் கருவறைக் கோபுரம், வெளியே அகழி என்று எல்லாம் அதே குடும்பம்தான். அங்கோர் வாட் படிப்படியாக உயரும் மலைக்கோவில். இதுவோ ஒரே தளத்தில் பரந்து கிடப்பது. அது மேற்கு பார்த்தது; இது கிழக்கு பார்த்தது. அகழி சுமார் 1,025 மீட்டருக்கு 875 மீட்டர் அளவுடையது. அதன் அகலம் மட்டும் 45 மீட்டர். நடுக் கோபுரம் முற்றிலும் விழுந்து கற்குவியலாகிவிட்டது.

ஏன் விழுந்தது என்பதற்கு எல்லோரும் மரத்தைக் கைகாட்டுவார்கள். மரம் இரண்டாவது குற்றவாளி. முதல் குற்றவாளி கூரை. நம் கோவில்களில் கருங்கல் தூண் நிறுத்தி, போதிகை வைத்து, உத்திரம் ஏற்றி, மேலே பலகைக்கல் பரப்பி மூடுகிறோம். கெமர் சிற்பிகள் நீண்ட நடைகளை மூடுவதற்கு, இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் சிறிது உள்ளே நீட்டி நீட்டி அடுக்கி உச்சியில் சேர்த்தார்கள். நம் சிற்ப மரபில் கதலிகாகரணம் என்று சொல்லும் அதே முறை. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் உட்கூடும் இந்த முறையில் எழுந்ததுதான். அங்கே நான்கு பக்கமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதாலும் கருங்கல்லாக இருப்பதாலும் ஆயிரம் ஆண்டு நிற்கிறது. நீண்ட நடையில் அந்த வசதி கிடையாது. சாந்தும் இல்லை, மேலே உள்ள கல்லின் எடைதான் கீழே உள்ள கல்லைப் பிடித்திருக்கிறது. ஓரிடத்தில் ஒரு கல் நழுவினால் அதற்கு மேலுள்ள வரிசைகள் அனைத்தும் இறங்கிவிடும்.

இதற்கு மேல் இன்னொரு குறையும் உண்டு. செங்கல் அடுக்கும் எந்தக் கொத்தனாரும் மேல்வரிசை மூட்டைக் கீழ்வரிசை மூட்டுக்கு நேராக வைக்க மாட்டார். கெமர் சுவர்களில் பல இடங்களில் மூட்டுக்கு மேல் மூட்டு வந்து, தலையிலிருந்து தரை வரை ஒரே கோடாக இறங்கும். ஆல், அத்தி இனத்து மரங்களின் வேர் முதலில் நுழைவது அந்தக் கோட்டில்தான். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கியவர்களுக்கு மற்றதை நான் விளக்க வேண்டியதில்லை. வேர் முதலில் பிளக்கும். பெருத்த பிறகு தான் பிளந்ததைத் தானே கட்டிப்பிடித்து நிறுத்தும். மரம் பட்டு விழும்போது சுவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

அப்பச்சிக்கு அருகில் நின்று காட்ட வேண்டியவை சில உண்டு. விழுந்து கிடக்கும் கற்களின் முகத்தில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமான சிறு குழிகள் இருக்கும். கல்லைத் தூக்குவதற்கு மரமுளை அடித்த இடங்கள் அவை. அடுத்து, இரண்டு கற்கள் சேரும் உள்முகத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே பொருத்தினார்கள் என்பதால், வெளிமுகத்தைவிட அது வழவழப்பாக இருக்கும். அடித்தளம் பிளந்த இடத்தில் மணற்கல் மேற்பூச்சாக மட்டுமே இருப்பதும், உள்ளே நம் ஊருணிப் படித்துறைகளில் காணும் அதே செம்புராங்கல் இருப்பதும் தெரியும். சன்னல்களில் கடைசல் பிடித்தது போன்ற கல் கம்பிகள் நிற்கின்றன. மரவேலையைக் கல்லில் எழுதியவர்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். சில தூண்களின் அடி, வெங்காயத் தோல் போல உரிந்திருக்கும். மணற்கல் படுக்கையாகப் படிந்த கல், அதை நிமிர்த்தி நிறுத்தினால் ஈரம் ஏறி ஏடு ஏடாகக் கழன்றுவிடும்.

கல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குலேன் மலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் கல் வெட்டியெடுத்த ஐம்பதுக்கு மேற்பட்ட குழிகளையும், அங்கிருந்து அங்கோர் வரை கல் ஏற்றிச் சென்ற கால்வாய்த் தொடரையும் சப்பானின் வசேதா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். பெங் மேலியா அந்தக் குழிகளுக்குப் பக்கத்து வீடு. இவ்வளவு பெரிய கோவில் தலைநகரிலிருந்து இத்தனை தொலைவில் எழுந்ததற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பள்ளத்தூரான் எழுதுகிறார்:

கல்லைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டதால் வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெங் மேலியாவைத் தனியாக ஒரு காட்டுக்கோவில் என்று நினைத்துப் போகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். அது ஒரு கூட்டுச்சாலை. அங்கோரிலிருந்து கிழக்கே வந்த பெருவழி இங்கே பிரிந்து, ஒரு கிளை கம்போங் சுவாய் பகுதியிலுள்ள பிரியா கான் என்ற மாபெரும் கோவில் வளாகத்துக்கும், மற்றொரு கிளை கோ கெர் வழியாக வடகிழக்கே, இன்றைய லாவோசில் உள்ள வாட் பூ கோவிலின் பக்கமும் சென்றது. தாழ்ந்த வயல்வெளியில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்பதால் மண்ணை உயர்த்திக் கரையாக அமைத்த வழி இது. ஆறும் ஓடையும் குறுக்கிட்ட இடங்களில் செம்புராங்கல் பாலங்களைக் கட்டினார்கள்.

கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் 1191ஆம் ஆண்டு அங்கோரில் உள்ள பிரியா கான் கோவிலில் நாட்டிய கல்வெட்டு (பெயர் ஒன்றானாலும் மேலே சொன்ன பிரியா கான் வேறு, இது வேறு), நாட்டின் வழிகளில் 121 நெருப்பு இல்லங்கள் இருந்ததாகக் கணக்குக் கொடுக்கிறது. அவற்றில் 57 இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டின் தலைநகருக்குப் போகும் வழியிலும், 17 இன்றைய தாய்லாந்தில் உள்ள பிமாய்க்குப் போகும் வழியிலும் இருந்தன. நெருப்பு இல்லம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். இன்று எஞ்சியிருப்பவை அவற்றோடு சேர்ந்திருந்த கல் வழிபாட்டிடங்கள் மட்டுமே. தங்கும் கொட்டகைகள் மரத்தாலானவை என்பதால் மறைந்துவிட்டன. கிழக்கு மேற்காக நீண்ட ஒரு கூடம், ஒரு முனையில் சிறு கோபுரம், தென்சுவரில் மட்டும் சன்னல்கள் என்பது அவற்றின் அடையாளம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் 15 கிலோமீட்டர் அளவில் இருப்பதைப் பார்த்தால், தைப்பூசத்துக்குக் காவடி கட்டிப் பழனிக்கு நடக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரியும். 1296இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவினரான சோ தாகுவானும் பெருவழிகளில் தங்குமிடங்கள் இருந்ததைக் குறித்திருக்கிறார்.

அப்பச்சியிடம் சொல்ல இன்னொரு செய்தி. பெங் மேலியா எழுந்த அதே காலத்தில், கம்போச (கம்போடிய) நாட்டரசன் அனுப்பிய கல்லொன்று சிதம்பரம் கோவிலில் பதிக்கப்பட்டதை முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு கூறுகிறது. அதற்கும் முன்னதாக, 967இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் சிரே கோவிலின் முகப்பு ஒன்றில், ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். வணிகர் வீட்டில் பிறந்த அம்மையார் நம் பாட்டன்மார்களுக்கு வெகு காலம் முன்பே கடல் தாண்டிவிட்டார். நம்மவர்கள் வட்டிக்கடை வைக்கச் சைகோனுக்கும் புனோம் பென்னுக்கும் போனது பிரெஞ்சுக்காரர் காலத்தில்தானே.

புதுவயல் பயணி எழுதுகிறார்:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பெங் மேலியாவை மிகைப்படுத்துகிறார்கள். சுற்றுலா வண்டிகள் வந்து சேர்ந்த பிறகு உள்ளே போட்டிருக்கும் மரப்பலகை நடையில் வரிசையாக நின்று படம் எடுப்பதைத் தவிர அங்கே எதுவும் செய்ய முடிவதில்லை. அதே சாலையில் மேலே போனால் கோ கெர் இருக்கிறது. நான்காம் ஜெயவர்மன் 928 முதல் ஆண்ட தலைநகரம். ஏழு படிகளாக எழும்பும் பிரமிடு. ஆளுயரத்துக்கும் பெரிய இலிங்கங்கள். 2023இல் யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஒரு நாள்தான் என்றால் அதற்குக் கொடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி எழுதுகிறார்:

தம்பி, புதுவயல்காரர் சொல்வதில் கூட்டத்தைப் பற்றிய பகுதி மட்டும் உண்மை. அதற்கு விடியற்காலையில் கிளம்புவதே மருந்து. அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோவில் திறந்தவுடன் உள்ளே இருந்தால் வெயில் ஏறுமுன் வெளியே வந்துவிடலாம்.

முழங்கால் விஷயத்தில் பயப்பட வேண்டாம். பெரும்பாலோர் தெற்கு வாசல் வழியாகத்தான் போகிறார்கள். நாகம் படமெடுத்து நிற்கும் கைப்பிடிச் சுவர் உள்ள நடைபாதையைத் தாண்டியதும், கற்குவியலின் மேலாகவும் பக்கமாகவும் மரப்பலகை நடை போட்டிருக்கிறார்கள். கைப்பிடி உண்டு; இடையிடையே படி ஏறி இறங்க வேண்டியிருக்கும்; மெதுவாக நடக்கிறவர்களால் முடியும். கற்களின் மேல் ஏறிக் குதித்து இருட்டு நடைகளுக்குள் அழைத்துப் போகிறேன் என்று யாராவது முன்வந்தால், அப்பச்சியையும் ஆத்தாவையும் அதற்கு விடாதீர்கள். பாசி பிடித்த மணற்கல் வழுக்கும். அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கல்லின் மேல் ஏறுவது கோவிலுக்கும் நல்லதில்லை.

நாகங்களை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்ததாலோ என்னவோ, சில நாகங்களின் தலையில் உள்ள மணிமுடியின் கோடுகள்கூட உளி பட்ட அன்று இருந்தது போல் கூர்மையாக இருக்கின்றன. பாற்கடல் கடைவதும், கருடன் மேல் திருமால் வருவதும், சீதை தீக்குளிப்பதும் முகப்புகளிலும் நிலைகளின் மேலும் இருக்கின்றன. விழுந்த முகப்புகள் தரையில் கிடப்பதால் அண்ணாந்து பார்க்கும் வேலை மிச்சம். உண்மையான தலைவாசல் கிழக்கில்தான். தெற்கே நுழைந்தவர்கள் பலர் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. நீங்கள் ஒரு நடை போய் வாருங்கள், பாதை நன்றாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் கண்ணிவெடி புதைக்கப்பட்டிருந்தது. கோவிலைச் சுற்றி எடுத்துத் துப்புரவு செய்துவிட்டார்கள் என்றாலும், பழைய பெருவழியைத் தேடுகிறேன் என்று தேய்ந்த தடத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. பெங் மேலியாவுக்குக் கிழக்கே அந்த வழியில் ஸ்பியன் தா ஓங் என்ற 77 மீட்டர் நீளப் பாலமும் தங்கிடக் கோவில்களும் இருக்கின்றன. அவை உள்ளூர் வழிகாட்டியுடன் மோட்டார் சைக்கிளில் போகும் இளவட்டங்களுக்கு உரியவை. பெரியவர்களுக்குக் கம்போங் கிடேயில் உள்ள பாலமே போதும்.

கானாடுகாத்தான் வாசி:

அனைவருக்கும் நன்றி. அப்பச்சியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். காரைக்கால் அம்மையார் செய்தியைக் கேட்டதும் பந்தியாய் சிரேயைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பெங் மேலியா பற்றி ஒரே கேள்விதான் கேட்கிறார்: கல் எல்லாம் அங்கேயே கிடக்கிறது என்கிறீர்கள், கல்தச்சருக்கும் இன்று பஞ்சமில்லை, பிறகு ஏன் எடுத்துக் கட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்?

குன்றக்குடிக் கல்வேலை:

நியாயமான கேள்வி. எடுத்துக் கட்டுவது என்றால் அங்கே பொருள் வேறு. நம் திருப்பணியில் பாலாலயம் செய்து, பழையதைப் பிரித்து, சேதமான கல்லுக்குப் பதில் புதுக்கல் அடித்து, குடமுழுக்கு நடத்திவிடுவோம். வழிபாடு தொடர வேண்டும் என்பதே முதல் நோக்கம். அங்கே விழுந்த ஒவ்வொரு கல்லும் எந்தச் சுவரில், எந்த வரிசையில் இருந்தது என்று கண்டுபிடித்து, அதே இடத்தில் அதே கல்லை வைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1930களில் பந்தியாய் சிரேயை அப்படித்தான் நிறுத்தினார்கள். அது சிறிய கோவில், செதுக்கல் மிகுந்தது, கல்லுக்குக் கல் அடையாளம் தெரியும். அங்கோரில் பாபுவோன் கோவிலை 1960களில் பிரித்து அடுக்கத் தொடங்கினார்கள். போர் வந்தது, வேலை நின்றது, கற்களின் இடத்தைக் குறித்த ஏடுகள் கெமர் ரூஜ் என்ற பொதுவுடைமைப் படையினரின் ஆட்சியில் அழிந்தன. அதன் பிறகு சுமார் மூன்று இலட்சம் கற்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி, 2011இல்தான் முடித்தார்கள். பெங் மேலியா பரப்பில் அங்கோர் வாட்டோடு போட்டியிடக்கூடியது. அதன் கூரைக் கற்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருப்பவை. எத்தனை தலைமுறை வேலை என்று நீங்களே கணக்கிடுங்கள்.

தா புரோமில் நம் இந்தியத் தொல்லியல் துறை செய்துவரும் பணியை அப்பச்சி அவசியம் பார்க்க வேண்டும். மரத்தை வெட்டாமல், சுவரையும் விடாமல், முட்டுக் கொடுத்தும் விழுந்த கூடங்களை அடுக்கியும் போகிறார்கள். அந்த நடுவழி எனக்கு உடன்பாடானது.

நம் பக்கத்தைப் பற்றியும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நகரத்தார் செய்த திருப்பணிகள் இல்லையென்றால் தமிழ்நாட்டில் பாதிக் கோவில்கள் செடி முளைத்துக் கிடந்திருக்கும். அந்தப் புண்ணியத்தை யாரும் மறுக்க முடியாது. அதே வேளையில் அந்த ஆர்வத்தில் பழைய கட்டுமானங்கள் முழுவதுமாகப் பிரிக்கப்பட்டன; அவற்றோடு கல்வெட்டுகளும் இடம் மாறின, சில தொலைந்தன. முதலில் எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் பல கோவில்களில் விடை சொல்ல ஆளில்லை. பெங் மேலியாவில் பெரும்பகுதி எடுத்துக் கட்டப்படாததால், நாளை யாராவது முறையாகச் செய்ய முன்வந்தால் கேட்பதற்குக் கற்கள் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே இருக்கின்றன. களவு போனவற்றைத் தவிர என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்; கோ கெரில் பாதத்தை விட்டுவிட்டு உடலை மட்டும் அறுத்துக் கொண்டுபோன துரியோதனன் சிலை, அமெரிக்க ஏல நிறுவனம் ஒன்றிடமிருந்து 2014இல்தான் திரும்பி வந்தது. பழைய வீட்டை இடித்தால் மறுநாளே நிலைக்கதவு கடைக்கு வந்துவிடும் ஊரில் இருக்கும் நமக்கு இது புதிய செய்தியல்ல.

பள்ளத்தூரான்:

ஒரு சிறு சேர்க்கை. 1992இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த அங்கோர் எல்லைக்குள் பெங் மேலியா வரவில்லை. அது அன்று முதல், பின்னாளில் சேர்க்கக் கருதி நாடுகள் கொடுக்கும் உத்தேசப் பட்டியலில் தனியாகக் காத்திருக்கிறது. நம் செட்டிநாட்டு ஊர்களும் 2014 முதல் அதே வகைப் பட்டியலில்தான் இருக்கின்றன.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, அப்பச்சி மனம் இறங்கிவிட்டார் என்று தெரிகிறது. பயண ஒழுங்கைச் சொல்லி முடிக்கிறேன். பந்தியாய் சிரேயையும் பெங் மேலியாவையும் ஒரே நாளில் வைக்கச் சொல்வார்கள். வேண்டாம், பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். கோ கெர் வேண்டுமானால் அதற்குத் தனி நாள் கொடுங்கள். பெங் மேலியா நாளில் காலையில் கோவிலைப் பார்த்துவிட்டு, அங்கே வாசலில் உள்ள கடைகளில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். மீன்சாறு சேர்க்காத சாப்பாடு வேண்டுமானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆத்தாவுக்குக் கையில் கொஞ்சம் புளிச்சாதம் இருந்தால் நல்லது. பிறகு தெற்கே இறங்கித் தாம் தேக் ஊரில் ஆறாம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து, சியம் ரீப்புக்கு எதிர்த்திசையில் போனால் கம்போங் கிடே பாலம் வரும். இருபதுக்கும் மேற்பட்ட கண்கள் உள்ள செம்புராங்கல் பாலம். ஒவ்வொரு கண்ணும் குறுகல், தூண்கள் தடிமன், கூரைக்குச் சொன்ன அதே அடுக்கு முறையை அண்ணன் சொல்லாமலே அப்பச்சி கண்டுகொள்வார். கனரக வண்டிகளுக்கு வேறு வழி போட்டுவிட்டதால் நடந்தே கடக்கலாம். இந்தத் திருப்பத்தைக் காலையில் கிளம்பும்போதே ஓட்டுநரிடம் பேசி வாடகையை முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் சொன்னால் அவர் நேராகச் சியம் ரீப்புக்குத்தான் வண்டியைத் திருப்புவார்.